பழைய சோவியத் போர்ப்படமும் அதன் 2015 மறு ஆக்கமும்: எங்கள் மண்டபத்தில் ஏன் எடுபடவில்லை?

செம்பனை நிழல் (சுங்கை சிப்புட்) கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊரில் நூல் விரும்பிகள் சிலர் சேர்ந்து, ஒரு கதையைப் படித்து முடித்த பிறகு அதைத் தழுவி வந்த திரைப்படத்தைத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து இப்போது தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் போய்வரும் இளையோர். மீதிப் பேர் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற பெரியவர்கள். சென்ற கூட்டத்துக்கு போரிஸ் வசீலியெவ் எழுதிய ‘அதிகாலையின் அமைதியில்’ என்ற குறுநாவலை எடுத்துக்கொண்டோம். ருஷ்ய மொழியில் 1969இல் வெளிவந்த அதைப் பூ. சோமசுந்தரம் தமிழில் பெயர்த்திருக்கிறார். அட்டை கிழிந்த ஒரே ஒரு படியை முறை வைத்து, கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942ஆம் ஆண்டு மே மாதம், ருஷ்யாவின் வடமேற்கில் உள்ள கரேலியாக் காட்டுப் பகுதியில் உள்ள ஒரு சிறிய இருப்புப்பாதை நிறுத்தத்தில், விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையைச் சேர்ந்த இளம் பெண்கள் காவலிருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுப்பாளர் வஸ்கோவ் என்ற, நான்கு வகுப்பு மட்டுமே படித்த படை அலுவலர். காட்டில் இரண்டு ஜெர்மானியர் தென்பட்டதாகச் செய்தி வர, ரீத்தா, ழேன்யா, லீஸா, ஸோன்யா, கால்யா என்ற ஐந்து பெண்களை அழைத்துக்கொண்டு அவர் கிளம்புகிறார். ஏரிக்கரையில் காத்திருந்து பார்த்தால் வருவது இருவர் அல்லர், பதினாறு பேர். ஐந்து பெண்களில் ஒருவர்கூட உயிரோடு திரும்புவதில்லை.

இதற்கு இரண்டு திரைவடிவங்கள் எங்கள் கைக்குக் கிடைத்தன. ஒன்று, 1972இல் ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி இயக்கியது. ஏறத்தாழ மூன்று மணி நேரம், பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. மற்றொன்று, இரண்டாம் உலகப் போர் வெற்றியின் 70ஆம் ஆண்டையொட்டி 2015இல் ரெனாத் தவ்லெத்யாரொவ் இயக்கிய வண்ணப் படம்; இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இளையோரின் பொறுமையைக் கருதிப் பெரும்பான்மையோர் புதியதற்கே கைதூக்கினார்கள்.

படம் மோசம் என்று சொல்ல முடியாது. காடும் நீரும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன, துப்பாக்கிச் சண்டை விறுவிறுப்பாக இருந்தது. ஆயினும் புத்தகத்தைப் படித்துத் தொண்டை அடைத்துப்போனவர்கள், படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எழுந்து போய்த் தேநீரையும் கறிபாப்பையும் எடுத்துக்கொண்டு, பள்ளிச் சாலையில் நீர் தேங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் என் கையைப் பிடித்து, “சேற்றில் முழுகினாளே, அவள் முன்னால் பாட்டுப் பாடினவளா, இல்லை புத்தகம் வாசித்தவளா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: குறை மறு ஆக்கத்தில் இருக்கிறதா, அல்லது கதையைப் படித்த சூட்டோடு எந்தப் படத்தைப் பார்த்திருந்தாலும் இப்படித்தான் தோன்றியிருக்குமா? பழையதைத் திரையிடுவது என்றால் அதன் நீளத்தையும், முதற்பாதியில் வரும் குளியல் காட்சியையும் மாணவர்கள் இருக்கும் மண்டபத்தில் எப்படிச் சமாளிப்பது?

பழைய பலகை (தைப்பிங்) எழுதியது:

வணக்கம் அம்மா. அந்த மூதாட்டி கேட்ட கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. செத்தவள் யார் என்று பார்வையாளருக்குத் தெரியாவிட்டால், எத்தனை தத்ரூபமாகச் சாகடித்தாலும் அது கணக்கில் ஒன்று குறைந்தது போலத்தான் இருக்கும். ரஸ்தோத்ஸ்கி தம் மூன்று மணி நேரத்தைச் செலவிட்ட விதத்தைப் பாருங்கள். அவருடைய படம் இரண்டு பாகங்களாக உள்ளது. முதல் பாகத்தில் போர் என்று சொல்லத்தக்கது கொஞ்சம்தான். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தின் அன்றாட வாழ்க்கையே படமாகியிருக்கிறது. முன்பிருந்த ஆண் வீரர்கள் குடியும் கும்மாளமுமாக இருக்கிறார்கள் என்று வஸ்கோவ் மேலிடத்தில் முறையிட்டு, குடிக்காத ஆட்களை அனுப்புங்கள் என்று கேட்க, மேலிடம் பெண்களை அனுப்பி வைக்கிறது. அந்த மனிதர் கூச்சத்தில் நெளிகிறார். துவைத்த உள்ளாடைகளைக் கொடியில் காயப்போட்டால் எதிரி விமானத்துக்கு இடம் தெரிந்துவிடும் என்று அவர் கடிந்துகொள்ளும்போது, பெண் வீரர்கள் எல்லாப் போர்முனைகளிலும் துணி உலர்த்திக்கொள்ளலாம் என்று உத்தரவே இருக்கிறது என அவர்கள் முகத்தில் சிரிப்பில்லாமல் பதில் சொல்கிறார்கள். பார்ப்பவர் சிரிக்கிறார். அப்படிச் சிரிக்கும்போதே ஐந்து முகங்களும் ஐந்து குரல்களும் அவருக்குள் பிரிந்து நின்றுவிடுகின்றன. பிறகுதான் இயக்குநர் அவர்களைக் காட்டுக்குள் அனுப்புகிறார்.

மறு ஆக்கத்திலும் இவற்றில் பல இருக்கின்றன. ஆனால் அவை வேகவேகமாக வந்து போகின்றன. எப்போது காட்டுக்குப் போவோம் என்று படத்துக்கே அவசரம்.

இரண்டாவது, வண்ணம். பழைய படம் கறுப்பு வெள்ளையில் இருப்பது அக்காலத்து வசதிக் குறைவால் என்று இளையோர் நினைக்கக்கூடும். அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் படத்திலேயே வண்ணம் இருக்கிறது. போர் நடக்கும் காலம் மட்டும் கறுப்பு வெள்ளை. பெண்களின் பழைய நினைவுகளும், போருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஏரிக்கரைக்கு உல்லாசமாக வரும் இளைஞர்களின் காட்சிகளும் வண்ணத்தில் உள்ளன. நினைவுக் காட்சிகளில் பின்னணி பெரும்பாலும் வெறுமையாக, நாடக மேடைபோல வெளிறிக் கிடக்கும். ரீத்தா தன் கணவனான எல்லைக்காவல் அதிகாரியை முதன்முதலில் சந்தித்ததும், ஸோன்யா பல்கலைக்கழகத் தோழனோடு கவிதையைப் பகிர்ந்துகொண்டதும் அப்படித்தான் வருகின்றன. நடப்பு சாம்பல் நிறமாக இருக்க, இழந்தது மட்டும் வண்ணமாக மின்னுகிறது. 2015 படத்தில் காடு, நினைவு, மரணம் எல்லாம் ஒரே வண்ணச் சீரில் இருப்பதால், ஒரு பெண் எதை இழந்துவிட்டு இங்கே வந்து நிற்கிறாள் என்பதைக் கண் தானாக உணர்வதில்லை. வசனம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, ஆனால் அதை ஒரு குறையாகச் சுமத்துவது நியாயமாகாது. ரஸ்தோத்ஸ்கி போர்முனையில் நின்றவர். 1944இல் படுகாயமடைந்து ஒரு காலை இழந்தவர். களத்திலிருந்து அவரைத் தூக்கிக் காப்பாற்றியவர் ஒரு பெண் செவிலியர். அவரை நினைத்தே இந்தப் படத்தை எடுத்ததாக அவர் கூறியிருக்கிறார். வசீலியெவும் இளம் வயதிலேயே போருக்குப் போய்க் காயப்பட்டவர். எழுபது ஆண்டு கழித்துப் படமெடுப்பவரிடம் அந்த அனுபவத்தைக் கேட்க முடியாது. ஆனால் அனுபவம் இல்லாதவர் அதற்கு ஈடாக வேறு எதையாவது கொண்டுவர வேண்டும் அல்லவா? அது என்ன என்றுதான் எனக்குத் தென்படவில்லை.

குளியல் காட்சியைப் பற்றி: அது 1972இலேயே விவாதத்துக்கு உள்ளானதுதான். குண்டுகள் துளைக்கப்போவது எப்படிப்பட்ட உடல்களை என்று காட்டவே அந்தக் காட்சி வேண்டும் என்று இயக்குநர் நடிகையரிடம் எடுத்துச் சொல்லிச் சம்மதம் பெற்றதாகச் சொல்வார்கள். கலை நோக்கில் அவர் சொன்னது சரி. பதின்ம வயதினரும் அவர்களுடைய பெற்றோரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் மண்டபத்தில், அந்தச் சில நிமிடங்களைத் தாண்டிவிடுங்கள். தாண்டுகிறோம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கதைக்கு இழப்பு ஏதும் வராது.

நடு வரிசை (ஈப்போ) எழுதியது:

தைப்பிங் ஆசிரியர் ஐயா சொன்னதில் வண்ணம் பற்றிய பகுதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆயினும் இத்தகைய உரையாடல்களில் பழையது என்றாலே பொன், புதியது என்றாலே பித்தளை என்று முடித்துவிடுகிற வழக்கம் நமக்கு இருப்பதால், எதிர்ப்பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

முதலாவது, பழைய படத்தின் புகழ் நம் கண்ணை மறைக்கக்கூடாது. வெளிவந்த முதல் ஆண்டிலேயே சோவியத் நாட்டில் 6 கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்று, லூயி புனுவெல் இயக்கிய படத்திடம் பரிசை இழந்தது. எல்லாம் சரி. ஆனால் ஐயா குறிப்பிட்ட அந்தச் சுற்றுலா இளைஞர் காட்சிகளை இன்று ஒருமுறை பாருங்கள். போதனை வாடை வீசுகிறது. புதிய தலைமுறை நன்றியோடு இருக்க வேண்டும் என்று நம் தலையில் கைவைத்துச் சொல்வதுபோல் இருக்கிறது. எனக்குச் சிறுவயதிலும் அது பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை.

இரண்டாவது, 2015 படத்துக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றுமே இல்லை என்பது சரியன்று. 1930களில் சோவியத் அரசே தன் மக்கள்மீது நடத்திய கைதுகளையும் சொத்துப் பறிப்புகளையும் அது பெண்களின் முன்கதைகளில் கொண்டுவந்திருக்கிறது. 1972இல் ஒரு சோவியத் படத்தில் இதைக் காட்டியிருக்க வழியே இல்லை. தன் குடும்பத்தைச் சிதைத்த அரசுக்காகவே ஒரு பெண் துப்பாக்கி ஏந்துகிறாள் என்பது மிகவும் கனமான செய்தி. வஸ்கோவாக நடித்த பியோத்தர் பியோதரொவும் அடக்கமாகவே நடித்திருக்கிறார். முந்தைய நடிகரான அந்திரேய் மர்த்தீனொவின் நகலாக மாறிவிடாமல் இருந்ததற்கே அவரைப் பாராட்ட வேண்டும்.

மூன்றாவது, இதே படத்துக்கு நான்கு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி வடிவமும் இருக்கிறது. அதில் மூச்சுவிட இடம் கூடுதல். திரையரங்கு வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவது அவசரம் என்பது என் எண்ணம்.

ஏட்டுக்கட்டு (பீடோங்) எழுதியது:

ஈப்போ அண்ணன் சொன்ன இரண்டாவது கருத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் ஏமாற்றம் சரியாக அந்த இடத்தில்தான் தொடங்கியது.

நாவலில் கால்யா செத்வெர்தாக் அநாதை விடுதியில் வளர்ந்த பெண். பெற்றோர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. ஆகவே, தன் தாய் மருத்துவத் துறையில் பணியாற்றுகிறவர் என்று ஒரு தாயைத் தானே கற்பனை செய்து வைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள். இந்தச் சிறுபிள்ளைப் பொய் முதலில் வேடிக்கையாகத்தான் தெரிகிறது. பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சதுப்பைக் கடக்கும்போது கால்யாவின் காலணி ஒன்று சேற்றோடு போய்விடுகிறது. அவள் வெறுங்காலில் சுரத்தோடு கிடக்கிறாள். ஸோன்யா கொல்லப்பட்டதும், பிணத்தின் காலிலிருந்து காலணிகளைக் கழற்றிக் கால்யாவுக்குப் போடச் சொல்கிறார் வஸ்கோவ். அவர் கொடியவர் அல்லர்; அடுத்த சண்டைக்கு அவளுக்குக் காலணி வேண்டும், அவ்வளவுதான். கால்யா அலறுகிறாள், கூடாது, அது உடம்புக்குக் கெடுதல், என் அம்மா மருத்துவத் துறையில் இருக்கிறார் என்கிறாள். அந்த நேரத்தில் ரீத்தா குறுக்கிட்டு, பொய் சொன்னது போதும், உனக்கு அம்மாவே கிடையாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுகிறாள். அடுத்து கால்யா அச்சத்தில் புதரைவிட்டு வெளியே ஓடிச் சுடப்பட்டு விழும்போது, அவளைக் கோழை என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. அவளிடம் மிச்சமிருந்த ஒரே மறைவிடத்தையும் நாம்தான் பிடுங்கிவிட்டோம் என்று தோன்றுகிறது.

மறு ஆக்கம் அவளுக்கு உண்மையான பெற்றோரைக் கொடுத்து, அவர்களைக் கைதுசெய்து கொண்டுபோகிறது. வரலாற்று நோக்கில் அது நேர்மையான சேர்க்கை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தச் சேர்க்கைக்குப் பிறகு, இல்லாத தாயைப் பற்றிய பொய்க்கு வேலை போய்விடுகிறது. இந்தக் கதையில் ஒவ்வொரு மரணமும் முன்னால் வைத்த ஒரு சிறு பொருளோடு முடிச்சிட்டிருக்கிறது. ஸோன்யா சாவது வஸ்கோவ் மறந்துவிட்டு வந்த புகையிலைப் பையை எடுக்க ஓடியதால். லீஸா சாவது சதுப்பைத் தாண்ட வேண்டிய கோலை எடுக்க மறந்ததால். காட்டிலேயே வளர்ந்த அந்தப் பெண் வஸ்கோவின் மீது வைத்த ஆசையை மனத்தில் ஓட்டிக்கொண்டு விரைந்ததால் கோல் நினைவுக்கு வரவில்லை. இவை எவையும் வீரச்சாவுகள் அல்ல. மறதியும் ஆசையும் அச்சமும் கொன்ற சாவுகள். ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் வரலாற்றை வைத்தால், வரலாறு கிடைக்கிறது, கதாபாத்திரம் போய்விடுகிறது.

ஸோன்யாவின் உடலை வஸ்கோவ் பார்க்கும் இடத்தை நாவலில் மறுபடியும் படித்துப் பாருங்கள். கத்திக் காயங்கள் இரண்டு இருக்கின்றன. குத்தியவன் ஆணைக் குத்திப் பழகியவன். பெண்ணின் மார்பு தடுத்ததால் முதல் குத்து இதயத்தை எட்டவில்லை, அதனால்தான் அவளால் கத்த முடிந்தது என்று வஸ்கோவ் தமக்குள் கணித்துக்கொள்கிறார். வேட்டைக்காரனைப் போல நிதானமாக, கண்ணீர் விடாமல் கணிக்கிறார். வாசிக்கும் நமக்குக் கை நடுங்குகிறது. ரஸ்தோத்ஸ்கியின் படத்தில் இந்த நிதானம் இருக்கிறது, நிசப்தமும் இருக்கிறது. புதிய படமோ இத்தகைய இடங்களில் இசையை நம்மீது கொட்டுகிறது.

இந்த நேரத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஜனநாதன் 2009இல் இயக்கிய ‘பேராண்மை’ நினைவுக்கு வராமல் போகாது. ஜெயம் ரவி நடித்த அந்தப் படம் இந்தக் கதையின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டது: ஓர் ஆண், ஐந்து இளம்பெண்கள், காடு, எண்ணிக்கையில் மிஞ்சிய பகைவர்கள். மற்றவை எல்லாம் வேறு. பழங்குடியில் பிறந்த வன அலுவலர் துருவன், தேசிய மாணவர் படைப் பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பெண்கள், ராக்கெட் ஏவுவதைத் தடுக்க வந்த அயல்நாட்டுக் கூலிப்படை. அதில் மிகைகள் ஏராளம். சில வசனங்களைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் மேலதிகாரியே சாதியின் பெயரால் துருவனைச் சிறுமைப்படுத்துவதும், அவனை இளக்காரமாகப் பார்த்த பெண்களே பின்னர் அவன் தலைமையை ஏற்பதும் அந்த மண்ணிலிருந்து வந்தவை. இந்தக் கதையை ஏன் இப்போது, ஏன் இங்கே சொல்கிறேன் என்ற கேள்விக்கு ஜனநாதனிடம் விடை இருந்தது. 2015 படம் அசலுக்கு எவ்வளவோ நெருக்கமாக நடந்தும், அந்தக் கேள்வியை முதல் காட்சியிலிருந்தே தட்டிக்கழிக்கிறது. வெற்றியின் 70ஆம் ஆண்டு என்பது ஒரு படத்தை வெளியிடக் காரணமாகலாம், எடுக்கக் காரணமாகாது.

நடு வரிசை (ஈப்போ) எழுதியது:

காலணிக் காட்சியைப் பற்றிய விளக்கம் நன்று, தங்கச்சி. கால்யாவைப் பொறுத்தவரை என் வாதம் வலுவிழக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பெண்களைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘பேராண்மை’யின் இறுதிச் சண்டையை வைத்துக்கொண்டு இசையைக் கொட்டுவது பற்றிப் பேசுவது மட்டும் கொஞ்சம் அதிகம்.

கித்தாமரம் (சுங்கைப்பட்டாணி) எழுதியது:

எல்லாரும் திரைக்கலையைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன்.

போரில் துப்பாக்கி தூக்கிய பெண்கள் என்பது நம் தோட்டப்புறங்களுக்குத் தொலைவான கதை அன்று. 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் பயிற்சி முகாம் தொடங்கியபோது, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து இந்தியாவைக் கண்ணாலும் பார்த்திராத இளம்பெண்கள் பலர் போய்ச் சேர்ந்தார்கள். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட ஜானகி தேவரும், ராசம்மா பூபாலனும் அந்தப் படையில் பதின்ம வயதில் சேர்ந்தவர்கள். பர்மா வரை போனவர்கள் பெரும்பாலும் நோயாளிகளையும் காயம்பட்டோரையும் பராமரித்தார்கள். 1945இல் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவில் நெடுந்தூரம் நடந்தார்கள். அதே ஆண்டுகளில் நம் தோட்டத்து ஆண்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் உறவில் ஒரு பெரியம்மா அந்தப் படையில் இருந்தவர். அவர் பேசியதெல்லாம் முதன்முதலாகக் காற்சட்டை போட்டபோது வந்த வெட்கம், அளவுக்கு மிஞ்சிய காலணிக்குள் துணியைத் திணித்துக்கொண்டு பயிற்சிக்கு நின்றது, சோற்றில் கிடந்த புழு, யாரோ ஒரு தோழி இரவில் அம்மாவை நினைத்து அழுதது, இவைதான். சண்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ரஸ்தோத்ஸ்கியின் முதல் பாகத்தை நான் பார்த்தபோது, பெரியம்மா பேசாமல் விட்டதைவிட அவர் பேசியதுதான் போர் என்று எனக்குப் பட்டது. மறு ஆக்கமோ, அவர் பேச மறுத்ததைப் பெரிதாக்கி, அவர் ஓயாமல் பேசியதைக் கத்தரித்துவிட்டது. உங்கள் மண்டபத்துப் பெரியவர்கள் எழுந்து தேநீர் குடிக்கப் போனதில் எனக்கு வியப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்த போர் அந்தத் திரையில் இல்லை.

இளையோர் கறுப்பு வெள்ளைக்கு உட்காரமாட்டார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அக்காலத்தில் தோட்டத் திடலில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் போட்டபோது, சுருள் அறுந்து நின்றாலும் ஒருவரும் பாயைச் சுருட்டியதில்லை. இன்றைய பிள்ளைகள் அப்படி இருக்கமாட்டார்கள்தான். ஆனால் ஒரே இரவில் இரண்டு பாகத்தையும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? முதல் பாகத்தை ஒரு சனிக்கிழமை, இரண்டாவதை அடுத்த சனிக்கிழமை. இடையில் ஒரு வாரம் அந்தப் பெண்கள் அவர்களுடைய மனத்தில் இருக்கட்டும். முன்னுரை என்று எவரையும் மேடையேற்றாதீர்கள்.

செம்பனை நிழல் (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தைப்பிங் ஆசிரியர் ஐயா சொன்னபடி குளியல் காட்சியை அறிவித்துவிட்டுத் தாண்டுவதென்றும், சுங்கைப்பட்டாணி அன்பர் சொன்னபடி இரண்டு சனிக்கிழமைகளில் திரையிடுவதென்றும் குழுவில் பேசி முடித்துவிட்டோம். முன்னுரை விஷயத்தில் மட்டும் சிறு மாற்றம் செய்கிறோம். பெயர்கள் நமக்குப் பழக்கமில்லாதவை என்பதால், ரீத்தா, ழேன்யா, லீஸா, ஸோன்யா, கால்யா என்ற ஐந்து பெயர்களையும், படத்திலிருந்து எடுத்த முகங்களோடு, பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சிட்டு நாற்காலிதோறும் வைக்கப்போகிறோம். யார் எப்படிச் சாகிறார் என்பதை அதில் எழுதக்கூடாது என்று இளையோர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களில் பலர் புத்தகத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

பீடோங் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். காலணிக் காட்சியைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டாம் சனிக்கிழமை படம் முடிந்த பிறகு வாசிக்க விரும்புகிறேன்; மறுப்பில்லை என்றால் தெரிவியுங்கள். ஈப்போ அன்பரே, அந்த நான்கு பகுதித் தொலைக்காட்சி வடிவம் ஆங்கில வசன வரிகளோடு கிடைக்கிறதா? வசன வரி இல்லாவிட்டால் எங்கள் பெரியவர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் புரியாது.

ஏட்டுக்கட்டு (பீடோங்) எழுதியது:

தாராளமாக வாசியுங்கள் அக்கா. ரீத்தா குறுக்கிடும் இடத்தை நாவலிலிருந்தே வாசித்தால் இன்னும் நன்றாக இருக்கும். என் படியில் அந்தப் பக்கம் கிழியாமல் இருக்கிறது, படமெடுத்து அனுப்புகிறேன்.

நடு வரிசை (ஈப்போ) எழுதியது:

முதல் பகுதிக்கு மட்டும் வசன வரி என்னிடம் உள்ளது. மற்றவற்றைத் தேடிப் பார்க்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இரண்டாம் சனிக்கிழமை வருகிறேன். அந்தச் சுற்றுலா இளைஞர் காட்சிகளைப் பற்றி என் கருத்தை அங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது.